ஆட்டம் முடிந்த பிறகும் முடியாத தோல்வி

1

சேரிப் பிள்ளைகள் செல்போனில் விளையாடுவதைப் பற்றி நம் தோழர்களிடம் ஒரு சலிப்பு இருக்கிறது. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை, படிப்பகத்தில் புத்தகங்கள் தூசி படிந்து கிடக்கின்றன, பயல்கள் மதகுக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் லூடோ உருட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வேதாரண்யம் பக்கம் அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் பெரியவர்கள் இதையே சொல்கிறார்கள். "நம்ம பசங்க கெட்டுப் போயிட்டானுவ."

கெட்டுப்போனார்களா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் முன் வேறொன்றைக் கேட்டுப் பார்க்கலாம். பகலெல்லாம் உப்புப் பாத்தியில் வெயிலில் நின்று, கண் கூசி, கால் வெடித்து வந்தவன் ராத்திரி எட்டு மணிக்கு அந்த நாலு நிறக் கட்டத்துக்குள் போய் எதைத் தேடுகிறான்? வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் ஜெயிப்பதைவிடத் தோற்பதுதான் அதில் அதிகம். நாலு பேர் ஆடினால் ஒருத்தன்தான் முதலில் வருகிறான், மூன்று பேர் தோற்கிறார்கள். தோற்றவன் மறுபடியும் உள்ளே போகிறான், மறுபடியும் தோற்கிறான். தோற்பதற்காக ஒருவன் விரும்பிப் போகிற இடம் என்றால் அந்தத் தோல்வியில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும்.

உப்பளத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவனிடம் இதைக் கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. "அண்ணே, அதுல தோத்தா தோத்ததோட சரி. யாரும் நம்ம தெருவச் சொல்லித் திட்ட மாட்டான்."

2

லூடோ ஒன்றும் புதுச் சரக்கில்லை. வடக்கே பச்சீசி, இங்கே தாயம். பச்சீசியை வெள்ளைக்காரன் எடுத்துப்போய்ச் சுருக்கி, 1896-ல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கி விற்றான். 2016-ல் நவி மும்பையில் உள்ள கேமேஷன் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி அதைச் செல்போனுக்குள் கொண்டுவந்து லூடோ கிங் என்று பெயர் வைத்தது. அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியது. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு போட்டு ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது இந்த ஆட்டம் பத்துக்கோடிக் கணக்கான போன்களில் உருண்டது. கம்பெனி விளம்பரத்தில் சம்பாதிக்கிறது. விளையாட்டுக் காசு தீர்ந்துவிட்டால் ஒரு விளம்பரத்தைப் பார், கொஞ்சம் காசு தருகிறேன் என்கிறது. நம் பிள்ளைகளின் கண்ணையும் நேரத்தையும் விற்றுத்தான் இந்தக் கடை நடக்கிறது. இதில் தோழர்கள் சொல்வது முழுக்கச் சரி.

ஆனால் தாயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். நம் தெருப் பெண்கள் திண்ணையில் கரிக்கட்டியால் கட்டம் கீறி, புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கித் தாயம் போடுவார்கள். தாயம் விழாமல் காய் இறங்காது. எதிராளி வெட்டினால் திரும்பவும் மொதல்லேருந்து. மலையில் நின்றால் வெட்ட முடியாது. சுற்றி வந்து சேர்ந்தால் பழம். விதி எல்லாருக்கும் ஒன்று. ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒரே தெரு. ஊர்த்தெருக்காரி நம் திண்ணைக்கு வந்து தாயம் போட்டதாகவோ நம்ம ஆத்தா ஊர்த்தெருத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து பழம் எடுத்ததாகவோ கேள்விப்பட்டதில்லை. விதியில் தீண்டாமை கிடையாது. திண்ணையில் இருந்தது.

போன் அந்தத் திண்ணையை எடுத்துவிட்டது. முகம் தெரியாத மூன்று பேர். ஒருத்தன் மதுரையாக இருக்கலாம், ஒருத்தன் பாட்னாவாக இருக்கலாம். எல்லாருக்கும் நாலு காய், ஒரே பகடை. ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும். இது பண்ணையார் பேரனுக்கும் பொருந்தும், பண்ணையாள் பேரனுக்கும் பொருந்தும்.

'பகடை' என்ற சொல்லை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. தென்மாவட்டங்களில் அது அருந்ததியர் மக்களைக் குறிக்கும் சாதிப் பெயர். அடுத்தவன் கையில் உருட்டப்படும் பொருளுக்கும் உருட்டப்பட்ட மனிதர்களுக்கும் தமிழில் ஒரே சொல் நிற்கிறது.

3

ஆட வருகிறவனிடம் என்ன கேட்க வேண்டும்? ஆடத் தெரியுமா என்று கேட்கலாம். அதற்குமேல் கேட்க நியாயமில்லை. ஆனால் நமக்குச் சொல்லித்தரப்பட்ட கதைகளில் நடப்பது வேறு. அர்ச்சுனனோடு மோத வந்த கர்ணனை அரங்கத்தில் நிறுத்திக் கிருபன் கேட்டது அவன் தாய் தகப்பன் பெயரையும் குலத்தையும். வில்லைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஏகலைவன் கதை இன்னும் மோசம். அவன் அரங்கத்துக்கே வரவில்லை. வந்தால் ஜெயித்துவிடுவான் என்று தெரிந்ததும் கட்டைவிரலை வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்குச் சேரிப் பையன் செல்போனில் ஆடுவது அந்தக் கட்டைவிரலால்தான். அவனிடம் யாரும் அதைத் தட்சிணையாகக் கேட்கவில்லை. 'கெஸ்ட்' என்று தட்டினால் கதவு திறக்கிறது.

பிரெஞ்சு அறிஞர் ரோஜே கைய்வா விளையாட்டுகளைப் பற்றி 1958-ல் எழுதிய நூலில், போட்டியும் அதிர்ஷ்டமும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன என்றார். வாழ்க்கை மறுக்கும் சமத்துவத்தை ஆட்டக்களத்துக்குள் செயற்கையாக உண்டாக்கித் தருகின்றன. இது நமக்கு அந்நியமான கருத்தில்லை. 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்ததும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. குடியரசு தொடங்கும் நாளில் அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழையப்போகிறோம் என்றார். ஒருவனுக்கு ஒரு ஓட்டு என்பது ஒருவனுக்கு ஒரு பகடை மாதிரி. சாவடிக்குள் சமம். வெளியே வந்தால் வெளியே இருப்பதுதான்.

லூடோவிலும் அந்த வெளி அடிக்கடி உள்ளே எட்டிப் பார்க்கிறது. குரலில் பேசிக்கொள்ளும் வசதி இருக்கிற ஆட்டங்களில் இதைக் கேட்கலாம். "எந்த ஊரு ப்ரோ?" "வேதாரண்யம்." "வேதாரண்யத்துல எங்க?" இவன் ஊர்ப் பெயரைச் சொல்கிறான். "அங்க எந்தத் தெரு?" நமக்கெல்லாம் தெரியும், மூன்றாவது கேள்வியில் சாதி வந்துவிடும். பையன் மைக்கை அணைக்கிறான், அல்லது ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறுகிறான். திரையில் 'எதிராளி வெளியேறினார்' என்று வரும். அவனை வெளியேற்றியது எது என்று திரையில் வராது.

இன்னொரு பக்கம், சாதிப் பட்டத்தையே ஆட்டப் பெயராக வைத்து, பக்கத்தில் வாள் படம் போட்டுக்கொண்டு உருட்டுகிறவர்களும் உண்டு. ஒருத்தன் பெயரை மறைத்தால்தான் ஆட முடிகிறது. இன்னொருத்தனுக்குப் பெயரைத் தூக்கிக் காட்டினால்தான் ஆடிய மாதிரி இருக்கிறது. பகடை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அப்படியானால் மறைத்துக் கிடைக்கும் சமத்துவம் சமத்துவமா? இதுதான் என் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, தோல்வி என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

4

பெயர் தெரிந்த களத்தில் நம் ஆட்கள் ஆடியபோது என்ன நடந்தது? இரண்டு கதைகள் போதும்.

பல்வங்கர் பாலு, புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானம் பெருக்கி வலை கட்டிய சமார் சாதி இளைஞர். இடதுகைச் சுழல்பந்து வீச்சாளர். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பந்து வீசும்போது அவர் கை பட்ட பந்தை உயர்சாதி ஆட்டக்காரர்கள் தொட்டுப் பிடித்தார்கள். தேநீர் வேளையில் அவரை வெளியே நிற்க வைத்து, உடைத்தெறியும் மண்குவளையில் கொடுத்தார்கள். அணியில் யாருக்கும் குறையாத திறமை இருந்தும் இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923-ல் அந்த இடத்துக்கு வர முடிந்தது. இதிலிருந்து தெரிவது, ஜெயித்தாலும் சாதி போகாது.

இரண்டாவது கதை நம் காலத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 31-ல், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியப் பெண் ஒருவர் ஹாட்ரிக் அடித்தது அதுதான் முதல்முறை. நாலு நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. ஹரித்வார் பக்கம் ரோஷனாபாத்தில் இருக்கும் அவர் வீட்டு வாசலில் ஆதிக்க சாதி ஆட்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாக இருந்ததால்தான் தோற்றது என்று சாதி சொல்லித் திட்டியதாகக் குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். களத்தில் தோற்றது ஒரு அணி. தோல்வியைக் கொண்டுபோய் இறக்கியது ஒரு வீட்டு வாசலில். இதிலிருந்து தெரிவது, தோற்றால் சாதி வரும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தம்பி சொன்ன பதில் விளங்கும். தோல்வியில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று ஆட்டத்துக்குள் நடந்து ஆட்டத்தோடு முடிகிறது. காய் வெட்டுப்பட்டது, திரும்பவும் முதல் கட்டம், அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் மீண்டும் பூஜ்யம். இன்னொன்று ஆட்டத்துக்கு முன்பே தொடங்கி, ஆட்டம் முடிந்தும் முடியாமல், மகனுக்கும் பேரனுக்கும் பாக்கியாகப் போகிறது. பண்ணையில் அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் ஆளாக நின்றானே, அதே கணக்கு. சாதி என்பது முந்தின ஆட்டத்துப் புள்ளியை அடுத்த ஆட்டத்தில் ஏற்றி எழுதுகிற முறை.

ஜெயிக்கிற உரிமையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இடஒதுக்கீடு, நிலம், பதவி எல்லாம் அதில் வரும். அவமானம் இல்லாமல் தோற்கிற உரிமையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஊர்த்தெருப் பையன் பரீட்சையில் தோற்றால் அவன் பரீட்சையில் தோற்றான். சேரிப் பையன் தோற்றால், "இதுக்குத்தான் இவனுவளுக்கு இதெல்லாம் எதுக்குன்னு சொன்னேன்" என்று அவனோடு தெருவே தோற்கிறது. ஒருத்தி முதன்முதலாக ஊராட்சித் தலைவியாகி ஏதோ ஒரு வேலையில் சறுக்கினால் அவளுக்குப் பின்னால் வரப்போகிற எல்லாருக்கும் சேர்த்துச் சறுக்குகிறாள். நம் பிள்ளைகள் எதிலும் இறங்கத் தயங்குவதற்குக் காரணம் திறமைக்குறைவு என்கிறார்கள். தோற்றால் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தயக்கம் அந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

சமத்துவத்தை அளக்க ஒரு சின்ன அளவுகோல் வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளலாம். யார் ஜெயித்தான் என்பதைவிட, தோற்றவன் மறுநாள் காலையில் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறான் என்று பாருங்கள்.

5

இங்கே ஒரு மறுப்பு வரும். பிறப்பே ஒரு பகடைதானே, யாருக்கு என்ன விழுகிறதோ அதுதானே என்பார்கள். இதைப் படித்தவர்களும் சொல்கிறார்கள். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-ல் எழுதிய நீதி பற்றிய நூலில், பிறப்பால் வரும் சலுகைகள் லாட்டரி மாதிரி விழுந்தவை, யாரும் உழைத்துச் சம்பாதித்தவை அல்ல, ஆகவே அவற்றை உரிமை கொண்டாட முடியாது என்று வாதாடினார். நல்ல வாதம். மனுதர்மக்காரன் சொல்லும் கர்மவினையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நம் நாட்டுக்கு அது பாதிதான் பொருந்தும்.

பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழித்து உருட்டும் ஆட்டம். ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியில் வைகுண்டம். காயை நகர்த்துவது பகடை. விழுகிறவன் எந்தப் பாவமும் செய்யவில்லை, எண் அப்படி விழுந்தது. ஆனாலும் பாம்பு கடித்தவன் பாவத்தால் இறங்கினான் என்று பலகை சொல்கிறது. விழுந்தது தாயம், பழி மட்டும் பாவத்துக்கு. கர்மக் கொள்கையின் சூட்சுமம் முழுவதும் இந்தப் பலகையில் இருக்கிறது. நமக்கு அந்தப் பலகையில் ஏணிகூடக் கிடையாது. இந்து சமூகம் படிக்கட்டு இல்லாத அடுக்குமாடிக் கோபுரம், பிறந்த தளத்திலேயே சாக வேண்டும் என்று அம்பேத்கர் 1920-ல் 'மூக்நாயக்' முதல் இதழில் எழுதினார். ஏணி இல்லாத பலகையில் பகடை நேர்மையாக உருண்டு என்ன பயன்?

ஒருவன் எந்த வயிற்றில் பிறக்கிறான் என்பது தற்செயல். அந்த வயிற்றுக்கு எந்தத் தெரு, எந்தக் கிணறு, எந்தச் சுடுகாடு என்பது தற்செயல் அல்ல. அது கீறப்பட்ட கட்டம். கர்மவாதி பழியை நம் மேல் போடுகிறான், அதிர்ஷ்டவாதி யார் மேலும் போடாமல் விட்டுவிடுகிறான். பலகையைக் கீறிய கை இரண்டு பேச்சிலும் தப்பித்துக்கொள்கிறது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. காற்று சாதி பார்க்கவில்லை, தென்னந்தோப்பையும் அடித்தது, கூரை வீட்டையும் அடித்தது. ஆனால் நிவாரணக் கணக்கு விழுந்த மரத்தை எண்ணித்தான் வந்தது. மரம் தோப்புக்காரனுடையது. அந்த மரத்தில் ஏறித் தேங்காய் பறித்து, மட்டை உரித்துக் கூலி வாங்கியவனுக்கு எண்ணிக் காட்ட ஒரு மரமும் இல்லை. உப்பும் அப்படித்தான். பருவம் தவறி ஒரு மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும். முதலாளிக்கு அது ஒரு பருவத்து நட்டம், வாரினவனுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு. ஒரே பகடை, வேறு வேறு பலகை. 1930 ஏப்ரல் 30-ல் ராஜாஜி தலைமையில் இங்கே உப்பெடுத்து வெள்ளைக்காரன் சட்டத்தை மீறினார்கள். அதற்கு ஸ்தூபி இருக்கிறது, வருஷாவருஷம் விழாவும் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அன்றாடம் உப்பெடுத்துக்கொண்டிருக்கிற கைகளுக்குப் பலகையில் ஒரு கட்டமும் மாறவில்லை.

நடுவர் என்ற ஒருவர் இருக்கிறாரே என்று கேட்கலாம். லூடோவில் வெட்டினவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் ஒரே விதி, சிபாரிசு செல்லாது. இதே நாகை மாவட்டத்தில் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வெட்டுப்பட்டவர்கள் முதல் கட்டத்துக்குக்கூடத் திரும்பி வரவில்லை.

ஆட்டக்காரப் பிள்ளைகளிடம் நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. மூன்று தடவை தொடர்ந்து ஆறு விழாவிட்டால் உடனே சந்தேகப்படுகிறார்கள். "கம்பெனிக்காரன் காய உருட்டுறாண்ணே, இது நேர்மையான ஆட்டமில்ல." கம்பெனி உண்மையிலேயே உருட்டுகிறதா என்பது வேறு விஷயம். சந்தேகம் சரியான இடத்தில் விழுகிறது, பகடையை வைத்திருப்பவன் மேல். அதே பிள்ளை, அப்பாவுக்குக் கூலி ஏன் இவ்வளவுதான் என்று கேட்டால் "நம்ம தலையெழுத்து" என்கிறான். ராத்திரி எட்டு மணிக்கு வருகிற அந்தச் சந்தேகத்தைக் காலை எட்டு மணிக்கு உப்பளத்துக்குக் கொண்டுபோக வைத்தால் போதும், பாதி அரசியல் வகுப்பு முடிந்துவிடும்.

6

காசு வைத்து ஆடுகிற ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுத் தமிழ்நாட்டில் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதைத் தடுக்க 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றிய பிறகு ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு அந்தத் தடை செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் போட்டது.

இத்தனை காலமும் நீதிமன்றங்களில் நடந்த வாதம் திறமையா அதிர்ஷ்டமா என்பதுதான். நம் அளவுகோலை வைத்தால் கேள்வி வேறு. தோல்வி பலகைக்குள் நிற்கிறதா, பலகையைத் தாண்டி வீட்டுக்குள் போகிறதா? காசு வந்த நிமிஷத்தில் தோல்வி வெளியே வந்து நடக்கத் தொடங்குகிறது. மகளிர் குழுக் கடனில் ஏறுகிறது, அரிசிப் பானையில் இறங்குகிறது. தருமன் சொக்கட்டானில் தோற்றதைச் சுமந்தது தருமன் மட்டுமல்ல, பாஞ்சாலி. தன்னையே முதலில் தோற்றவனுக்கு என்னை வைத்து ஆட என்ன உரிமை என்று அவள் சபையில் கேட்டாள். பெரியவர்கள் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்வி இன்றும் கூலிக்காரன் வீட்டு அடுப்படியில் கேட்கிறது.

அடுப்படியை நினைத்தால் இன்னொன்றும் தெரிகிறது. பாலத்திலும் மதகிலும் உட்கார்ந்து உருட்டுகிறவர்கள் எல்லாரும் ஆண் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது அப்பன் கையிலோ அண்ணன் கையிலோ இருக்கிறது. "பொம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்கு போனு?" என்ற கேள்வியும் குலம் கேட்ட கேள்வியின் தங்கச்சிதான்.

7

மறைத்துக் கிடைக்கும் சமத்துவம் சமத்துவமா என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். அது விடுதலை அல்ல. பெயரைச் சொன்னால் உடைந்துபோகிற ஒன்றை விடுதலை என்று சொல்ல முடியாது. பெயரும் தெருவும் தெரிந்தே சமமாக நடத்துகிற இடம்தான் நமக்கு வேண்டும்.

ஆனால் அது சாட்சி. பிறப்பு தெரியாத இடத்தில் நாலு பேர் சண்டையில்லாமல் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு ஆட முடிகிறது. தோற்றவன் சிரிக்க முடிகிறது. அப்படியென்றால் சாதி மனித சுபாவம், ரத்தத்தில் ஊறியது, மாற்ற முடியாது என்கிற பேச்சு பொய். பெயரைக் கேட்டதும் மாறுகிற ஒன்று ரத்தத்தில் இருக்க முடியாது. நம் பிள்ளை இந்தச் சமத்துவத்தை ஒரு மணி நேரமாவது உடம்பில் உணர்ந்திருக்கிறான். உணர்ந்தவனிடம் பேசுவது சுலபம். படிப்பகத்துக்கு வரவில்லை என்று அவனைத் திட்டுவதைவிட, அந்த ஒரு மணி நேரத்திலிருந்து பேச்சைத் தொடங்கலாம். அங்கே தோத்தா தோத்ததோட சரி, இங்கே ஏன் அப்படி இல்லை?

2019 ஆகஸ்ட் 25-ல் வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையை உடைத்தார்கள். மறுநாளே அரசு புதிய சிலையை நிறுவியது. உடைக்கிற காட்சி அன்று ராத்திரியே எல்லார் போனிலும் வந்துவிட்டது. லூடோ உருட்டுகிற அதே போன், அதே கட்டைவிரல் அந்தக் காணொளியையும் தள்ளிப் பார்த்தது. வேறு சிலை வந்தது, நல்லது. ஆனால் சிலைக்கு ஏற்பட்டதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு மனசில் விழுந்த வெட்டு மறுநாளோடு முடிந்திருக்குமா? ஆட்டத்தில் காய் திரும்ப வைக்கப்படுகிறது. ஊரில் சிலையைத் திரும்ப வைத்துவிட்டு ஆட்டம் முடிந்தது என்கிறார்கள்.

கடைசியாக நம்மைப் பற்றி. ஊர்த்தெருத் திண்ணையைக் கேள்வி கேட்கிற நாம் நம் பாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைநாளில் நம் தெருவில் தாயம் போடும்போது புதிரை வண்ணார் வீட்டுக் கிழவிக்கு அந்தப் பாயில் இடம் உண்டா? அருந்ததியர் வீட்டுப் பிள்ளை நம் பிள்ளையின் காயை வெட்டினால், அது ஆட்டம் என்று விடுகிறோமா, வேறு சொல் ஏதும் வாயில் வருகிறதா? நம் அமைப்புகளில் ஒரு தோழி விவாதத்தில் தோற்றால் மறுநாள் அதே மரியாதையோடு கூட்டத்துக்கு வர முடிகிறதா? சங்கத் தேர்தலில் தோற்றவனை அவன் உட்சாதியைச் சொல்லிப் பேசாமல் இருக்கிறோமா?

முகம் தெரியாத கம்பெனி ஒன்று விளம்பரக் காசுக்காகச் செய்து வைத்திருக்கிற சின்ன நியாயம், தோற்றவனை மறுபடியும் முழு ஆளாக ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது. முகம் தெரிந்த நாம், பெயர் தெரிந்த நாம், அதை நம் பாயில் செய்து காட்ட வேண்டும். அதைச் செய்த பிறகு பிள்ளைகளைப் பார்த்து, போனை வைத்துவிட்டு வா தம்பி, வா தங்கச்சி என்று கூப்பிட்டால் வருவார்கள்.